விழுந்தால் வெடிக்கக் கூடாது

வணக்கம், நேயர்களே. அமெரிக்காவில் வாங்கிய டோஸ்டரில் கோளாறு என்றால் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறவைக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. 1972இல் அதற்கான சட்டம் வந்தபோதே துப்பாக்கியை அதன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டார்கள். அதனால் ஒரு பிஸ்டலில் குறை தெரிந்தால் அதைத் திரும்பப் பெறுவதா, எப்போது, என்ன சொல்லி அறிவிப்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் தயாரித்தவரே முடிவு செய்கிறார். உரிமத்தோடு இடுப்பில் பிஸ்டல் வைத்துக்கொள்ள நினைப்பவர், பிஸ்டலைப் பார்க்கும் அளவுக்கு அதைச் செய்த கம்பெனியையும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

சிக் சாவர் கம்பெனியின் பி320ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் வந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் அதன் ஒரு வடிவத்தையே தன் புதிய கைத்துப்பாக்கியாகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், இந்தத் துப்பாக்கி சாய்வாக, மேல்பாகத்தில் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் பின்முனை தரையில் மோதும்படி விழுந்தால் யாரும் ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கிறது என்று வெளியார் சோதித்துக் காட்டினார்கள்.

ஓடும் பஸ் சட்டென்று நின்றால் நிற்பவர் முன்னால் சாய்கிறார் அல்லவா? அதேதான் நடந்தது. துப்பாக்கியின் உடல் தரையில் மோதி நின்றுவிட்டது. ட்ரிகர் நிற்காமல் பின்னோக்கி நகர்ந்தது. விரல் வைத்து இழுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியை மறித்து நிற்கும் உள்பூட்டு ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தப் பூட்டைத் திறப்பதே ட்ரிகரின் அசைவுதான். க்ளாக் பிஸ்டலில் ட்ரிகரின் நடுவே நாக்கு போல மெல்லிய ஒரு துண்டு இருக்கும். விரல் அதை அழுத்தினால்தான் ட்ரிகர் முழுதாகப் பின்னால் வரும். பி320இல் அது இல்லை, ட்ரிகரும் கனமாக இருந்தது.

ஆகஸ்ட் 8 அன்று கம்பெனி இலவச மாற்றத்தை அறிவித்தது. ட்ரிகர், ஸ்ட்ரைக்கர் என்ற அந்த ஊசி, அதைப் பிடித்து நிறுத்தும் சியர் மூன்றின் எடையையும் குறைத்தார்கள்; ஸ்லைடு முழுதாக மூடாதபோது ட்ரிகரின் தொடர்பைத் துண்டிக்கும் டிஸ்கனெக்டர் ஒன்றையும் சேர்த்தார்கள். பொறியியலாகப் பார்த்தால் சரியான திருத்தம். ஆனால் அறிவிப்பில் ‘திரும்பப் பெறுகிறோம்’ என்ற சொல் இல்லை, ‘விருப்பத்தின் பேரில் மேம்பாடு’ என்று இருந்தது. துப்பாக்கி அமெரிக்கத் தரநிலைகளை நிறைவு செய்கிறது என்றும் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. துப்பாக்கித் தொழிலின் சொந்த அமைப்பான சாமி (SAAMI) வகுத்த சோதனையில் 4 அடி உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பின் மேல் போடுவார்கள்: குழல் மேலே, குழல் கீழே, இடம், வலம் என்று நேரான நிலைகளில். கையிலிருந்து நழுவும் துப்பாக்கி அப்படி அளந்து விழாது. கலிஃபோர்னியாவின் சோதனை கான்கிரீட் தரையில் நடக்கிறது. அதோடு 600 தோட்டா சுட்டு, 6 முறைக்கு மேல் சிக்கினால் தேர்ச்சி இல்லை. அதுவும்கூட அடிப்படைத் தகுதிக்கான அளவுதான்.

அதன் பிறகும், உறையில் இருக்கும்போதே வெடித்தது என்று பல வழக்குகள் வந்தன. 2024இல் ஜார்ஜியாவிலும் பிலடெல்பியாவிலும் ஜூரிகள் கம்பெனிக்கு எதிராக முடிவு செய்தன. வேறு சில வழக்குகள் கம்பெனிக்குச் சாதகமாக முடிந்தன. ட்ரிகரை இழுக்காமல் தன் துப்பாக்கி வெடிக்காது என்பதே கம்பெனியின் நிலை. என் கருத்தைக் கேட்டால், இந்த வாதம் தீரும்வரை தினமும் உடலோடு வைத்துக்கொள்ளப் புதிதாக இதை வாங்க வேண்டாம்.

ரூகர் கம்பெனியின் நடத்தையையும் பாருங்கள். 1953 முதல் 1972 வரை அது செய்த, சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுத்துச் சுடும் பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில், சுத்தியல் மீது அடி விழுந்தால் அதன் கீழுள்ள தோட்டா வெடிக்கக்கூடும். அதனால் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறை சுத்தியலுக்குக் கீழே வரும்படி வைப்பார்கள். 1973இல், ட்ரிகரை இழுத்தால் மட்டும் சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும் டிரான்ஸ்ஃபர் பார் என்ற பாகத்தைச் சேர்த்து அந்த ஆபத்தை நீக்கினார்கள். பழைய ரிவால்வரை அனுப்பினால் இன்றும் இலவசமாக அந்த மாற்றத்தைச் செய்து, கழற்றிய பாகங்களையும் திருப்பித் தருகிறார்கள். 2008இல் எஸ்ஆர்9, எல்சிபி என்று இரண்டு பிஸ்டல்களை, கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லித் திரும்பப் பெற்றார்கள். ஒரே ஆண்டில் இரண்டு முறையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நம்பிக்கை தருகிறது. குறையே வராத கம்பெனி கிடையாது: 2013இல் ஸ்ப்ரிங்ஃபீல்டின் எக்ஸ்டி-எஸ், 2020இல் ஸ்மித் அண்ட் வெசனின் ஷீல்ட் ஈஇசட் என்று பெரிய பெயர்கள் எல்லாமே இதில் உண்டு.

ஆகவே எதை வாங்கினாலும், பழையதாக வாங்கினால் கட்டாயமாக, ஃப்ரேமில், அதாவது துப்பாக்கியின் உடலில், பொறித்த வரிசை எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் திருத்தம் செய்யாமலே விற்றிருக்கலாம்.

புது மாடல் வந்ததும் முதல் ஆளாக வாங்காதீர்கள். ஓராண்டு போகட்டும். வாங்கியபின் சாதாரணத் தோட்டா 200, நீங்கள் வைத்துக்கொள்ளப் போகும், நுனியில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட் தோட்டாவில் குறைந்தது 50 சுட்டுப் பாருங்கள். தோட்டாக்களை அடுக்கும் மேகசின்களுக்கு 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். சிக்கல் ஒரே மேகசினில் மட்டும் வந்தால் குற்றம் அதன் ஸ்பிரிங்கிலோ வாய் விளிம்பிலோ இருக்கும். எல்லாவற்றிலும் காலித் தோட்டா வெளியேறாமல் ஸ்லைடில் மாட்டினால் முதலில் பிடியைப் பாருங்கள். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. அதன் பிறகும் மாட்டினால், காலித் தோட்டாவை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் சேர்ந்த கரியைச் சுத்தம் செய்யுங்கள். சின்ன பிஸ்டல்களில், ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் சீக்கிரம் சோர்ந்துவிடும். எத்தனை சுட்டபின் மாற்றுவது என்று கையேட்டில் இருக்கும்.

உறை ட்ரிகர் வளையத்தை முழுதாக மூட வேண்டும், கெட்டியாக இருக்க வேண்டும். பழகித் தொய்ந்த தோல் உறையின் வாய்மடிப்பும், ஜாக்கெட்டில் தொங்கும் கயிற்று முடிச்சும் வளையத்துக்குள் புகுந்தால் விரலின் வேலையைச் செய்துவிடும். துப்பாக்கியை உறையில் வைக்கும்போது பார்த்து, மெதுவாக வையுங்கள். கை நழுவிய துப்பாக்கியைப் பாய்ந்து பிடிக்காதீர்கள், விழட்டும். பிடிக்கப் போகும் கையின் விரல்தான் ட்ரிகரில் மாட்டும்.

தோட்டாவை இறக்கும்போது முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடை இழுத்து, குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். வரிசை மாறினால், இழுத்த ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து இன்னொரு தோட்டா உள்ளே போய்விடும். கையில் இருப்பது காலி என்ற நினைப்போடு அதைச் சுத்தம் செய்ய உட்காருவார்கள்.

அப்படி வெளியே வந்த தோட்டாவையே மறுபடி மறுபடி அறைக்குள் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதன் மூக்கு அறை வாயிலுள்ள சரிவில் இடிபட்டு, குண்டு பித்தளைக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் அபாயகரமாக ஏறும். பெட்டியிலிருந்து புதுத் தோட்டா ஒன்றை எடுத்து மேசையில் இரண்டையும் பக்கத்தில் நிற்கவையுங்கள். பழையது ஒரு மயிரிழை குட்டையாகத் தெரிந்தாலும் அதைச் சுடாமல் ஒதுக்கி, சுடுதளத்தில் பழுதான தோட்டாக்களுக்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போட்டுவிடுங்கள்.