பூனைக்கு சுகர்: காலை நம்பரைப் பார்த்து டோஸைக் கூட்டாதீங்க

[திரையில்: குளுக்கோமீட்டர், 380]

காலையில ஊசிக்கு முன்னாடி 380. மத்தியானம் 120. ராத்திரி திரும்ப 350. சுகர் இருக்கற பூனையை வளர்க்கறவங்களுக்கு இது பழகின கதைதான். அந்த 380-ஐப் பார்த்ததும் கை தன்னால இன்சுலினைக் கொஞ்சம் கூட்டி எடுக்கப் பார்க்கும். கூட்டாதீங்க.

[திரையில்: தூளி மாதிரி தொங்கற வளைவுக் கோடு]

பூனைக்குப் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி. போட்ட பிறகு சுகர் மெல்ல இறங்கி, பல பூனைகளுக்கு 4 மணியிலேர்ந்து 8 மணி நேரத்துக்குள்ள அடிமட்டத்தைத் தொடும். அப்புறம் அடுத்த ஊசி வரைக்கும் ஏறும். தூளியோட ரெண்டு முனையும் மேல, நடு கீழ. நீங்க காலையில பார்க்கறது அந்த மேல் முனையை. டாக்டருக்கு வேண்டியது நடுப்பகுதி. அது 80-லேர்ந்து 150-க்குள்ள நின்னா, முனை 250-ல இருந்தாலும் பெரிசா கவலைப்பட மாட்டார்.

நடுவுல ரொம்பக் கீழ போயிட்டா, சில சமயம் உடம்பே பயந்துபோய் கல்லீரல்ல சேர்த்து வெச்ச சுகரை எடுத்துக் கொட்டும். மேல் முனை எகிறும். நீங்க அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினா, குறைக்க வேண்டிய இடத்துல கூட்டினதா ஆயிடும்.

அதனால ஒரு நாள் முழுக்க, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதி வைங்க. முடிஞ்சா வீட்டுலயே. கிளினிக்ல பயத்துலயே பூனைக்கு சுகர் ஏறும். சுகரே இல்லாத பூனைக்குக்கூட 300 தாண்டலாம்.

[திரையில்: காது மடல், கிட்டத்துல]

காது மடலோட ஓரத்துல மெல்லிசா ஒரு ரத்தக்குழாய் ஓடும். வெதுவெதுப்பான துணியை அரை நிமிஷம் காதுல வெச்சா அது எழும்பித் தெரியும். மடலுக்குப் பின்னாடி பஞ்சு வெச்சுக்கிட்டு ஓரத்துல குத்துங்க. ஒரு சின்னத் துளி போதும். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சுட்டு, பிடிச்ச தீனி ஒரு துண்டு கொடுங்க. ரெண்டாவது வாரம் காதைத் தானா நீட்டற பூனையும் உண்டு, நம்மளை முறைக்கற பூனையும் உண்டு. ஒண்ணு கவனிக்கணும்: மனுஷங்க மீட்டர் பூனை ரத்தத்துல பெரும்பாலும் உள்ளதை விடக் குறைச்சுக் காட்டும். எதுல பார்த்தீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

சிரிஞ்சையும் பாருங்க. யு-40, யு-100னா ஒரு மில்லியில எத்தனை யூனிட் இன்சுலின்ங்கற கணக்கு; மருந்துக்கு ஏத்த சிரிஞ்சு வேணும். யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சுல எடுத்தா, கோடு ஒரே கோடுதான், உள்ள போறது இரண்டரை மடங்கு. குத்தும்போது மருந்து முடியில கசிஞ்சுட்டா இன்னொரு தடவை போடாதீங்க. அரை நாள் சுகர் கூட இருந்தா சமாளிக்கலாம், இரட்டை டோஸ் அப்படி இல்ல. சாப்பாட்டைத் தொடலைன்னா, வழக்கமான டோஸைப் போடறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க.

60-க்குக் கீழ போனா ஆபத்து. தள்ளாடும், திருதிருன்னு முழிக்கும், வலிப்பும் வரலாம். சாப்பிடற நிலையில இருந்தா உடனே சாப்பாடு. இல்லைன்னா தேனோ சர்க்கரைப் பாகோ ஈறுல தடவிட்டுக் கிளம்புங்க. வாய்க்குள்ள ஊத்தாதீங்க, புரை ஏறிடும்.

டோஸ் சரியா இருந்தும் சுகர் இறங்கலையா? பல், ஈறு, சிறுநீர்த் தொற்று, வேற எதுக்காவது கொடுக்கற ஸ்டீராய்டு, இதையெல்லாம் டாக்டர் தேடுவார்.

சாப்பாடும் பெரிய விஷயம். மாவுச்சத்து குறைஞ்ச ஈர உணவுக்கு மாத்தினா சுகர் நல்லாவே இறங்கும். சில பூனைகளுக்கு இன்சுலினே வேண்டாம்ங்கற அளவுக்கு. ஆனா பழைய டோஸையே போட்டுக்கிட்டு சாப்பாட்டை மட்டும் மாத்தினா, கீழ விழுற அபாயம் அங்கதான். மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசிட்டு, அந்த வாரம் அடிக்கடி காதுல பாருங்க.

சுகர் மேலயே நிக்குது, கூடவே வாந்தி, சாப்பிடாம சுருண்டு படுத்திருக்கு. இது ஏற்ற இறக்கக் கணக்கு இல்ல, ரத்தத்துல கீட்டோன் (இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வர்ற அமிலம்) சேர்ந்திருக்கலாம். மறுநாள் காலை வரைக்கும் காத்திருக்காம ராத்திரியே தூக்கிட்டுப் போங்க.