குளிக்காத நேரத்தில் ஓடும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

குளியலறையில் தண்ணீரை மிச்சப்படுத்துவது பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். அதற்கென்ன, பேசலாமே என்று சொல்லிவிட்டு போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டு ஷவரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கொட்டுகிறது என்று எனக்கே தெரியாது. தெரியாமல் ஊருக்கு உபதேசம் பண்ணுவதாவது!

எனவே ஒரு வாளியை ஷவருக்கு அடியில் வைத்து, போனில் நேரம் பார்த்தேன். 10 லிட்டர் கோட்டைத் தொட 43 விநாடி. அதாவது நிமிடத்துக்கு 14 லிட்டர். நான் குளிப்பது ஐந்து நிமிடம்தான் என்று நெடுநாளாக நம்பிக்கொண்டிருந்தேன். மகள் கதவுக்கு வெளியே நின்று கணக்குப் பார்த்துவிட்டு, "அப்பா, 11 நிமிஷம்" என்றாள். 11-ஐ 14-ஆல் பெருக்கினால் 154 லிட்டர். குளியல் தொட்டி வைத்திருப்பவர்களை ஊதாரிகள் என்று நான் நினைத்ததுண்டு. அந்தத் தொட்டியை நிரப்பவும் கிட்டத்தட்ட இதே அளவுதான் ஆகும்.

மறுநாள் அந்த 11 நிமிடத்தைப் பிரித்துக் குறித்துப் பார்த்தேன். வெந்நீர் வரும் வரை காத்திருந்தது ஒன்றரை நிமிடம். சோப்பும் ஷாம்பூவும் போட்டது நான்கு நிமிடம். இந்த ஐந்தரை நிமிடமும் ஷவர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 77 லிட்டர், சரிபாதி. அதாவது பாதித் தண்ணீர் நான் குளிக்காமல் இருந்த நேரத்தில் போயிருக்கிறது. குளிப்பதைக் குறைத்துக்கொள், காக்காக் குளியல் போடு என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. நியாயம்தான். ஆனால் இந்தப் பாதியை விடுவதற்கு யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை.

முதலில் அந்த ஒன்றரை நிமிடம். ஹீட்டரிலிருந்து ஷவர் வரைக்கும் உள்ள குழாயில் பழைய குளிர்ந்த தண்ணீர் நிற்கும். அது வெளியேறினால்தான் சூடு வரும். உள்விட்டம் 15 மில்லிமீட்டர், நீளம் 10 மீட்டர் என்றால் அந்தக் குழாயில் இருப்பது 2 லிட்டருக்கும் குறைவு. குழாயும் கொஞ்சம் சூட்டைக் குடித்துக்கொள்ளும். எப்படிப் பார்த்தாலும் அரை நிமிடத்தில் வெந்நீர் வந்துவிட்டது. மீதி ஒரு நிமிடம்? நான் துண்டைத் தேடப் போயிருந்தேன். துண்டையும் மாற்றுத் துணியையும் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் குழாயைத் திறந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த அரை நிமிடத் தண்ணீரை வாளியில் பிடித்துக்கொள்ளலாம். சோப்பு படாத தண்ணீர். துணி அலசலாம், செடிக்கு ஊற்றலாம்.

அடுத்தது சோப்பு போடும் நேரம். உடம்பை நனைத்ததும் குழாயை மூடிவிட்டால் போதும். சொல்வது சுலபம், ஏன் செய்வதில்லை? வெந்நீருக்கு ஒரு திருகு, தண்ணீருக்கு ஒரு திருகு என்று இருக்கும் குளியலறையில் பதமான சூட்டைக் கண்டுபிடிப்பது ஒரு தவம். கண்டுபிடித்ததை மூடிவிட்டு, கண்ணில் ஷாம்பூவோடு மறுபடி தடவித் தேட யாருக்கு மனம் வரும்? இதற்காகவே ஷவர் தலைக்குச் சற்று மேலே பொருத்துகிற சின்ன வால்வு கிடைக்கிறது. திருகுகளைத் தொடாமல் அதை மட்டும் திருப்பினால் தண்ணீர் சொட்டாகக் குறையும். திறந்தால் அதே சூட்டில் வரும். ஆனால் குளித்து முடித்ததும் சுவரில் உள்ள திருகுகளையும் மூடத்தான் வேண்டும். உடனடியாகச் சூடாக்கும் சிறிய ஹீட்டராக இருந்தால் தண்ணீர் ரொம்பக் குறையும்போது அது அணைந்துவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதில் மின்சாரமும் சேர்ந்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். சோப்பு போடும்போது நான் ஓடவிட்ட 56 லிட்டரை 15 டிகிரி சூடாக்கினால் ஏறத்தாழ ஒரு யூனிட். தண்ணீராய்ச் செலவழிக்கிறான் என்று பணத்துக்குச் சொல்வார்கள். இங்கே தண்ணீரோடு சேர்த்துப் பணமும்.

பாட்டுப் பாடிக்கொண்டு குளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷவரை மூடிவிட்டும் பாடலாம். தண்ணீர்ச் சத்தம் இல்லாவிட்டால் குரல் இன்னும் நன்றாகவே எதிரொலிக்கும்.

தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் ஷவர் தலையை மாற்றினால் நிமிடத்துக்கு 8 லிட்டர் அளவில் நின்றுவிடும். உடம்பில் விழும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. அழுத்தம் குறைந்த வீட்டில் மட்டும் வாங்குவதற்கு முன் யோசியுங்கள், தண்ணீர் நூலாய் வந்து எரிச்சல் மூட்டும்.

என்னைக் கேட்டால் வாளியும் குவளையும்தான் சிறந்த ஆசான்கள். வாளிக்கு அடி உண்டு. தண்ணீர் இறங்க இறங்க அது கண்ணுக்குத் தெரியும். கடைசிக் குவளைக்காகக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வோம். ஷவருக்கு அடியே கிடையாது. ஆனால் மேலே குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிய வழியக் குளித்தால் அதுவும் ஷவர் கணக்குதான்.

நான் ஷவர் தலையை மாற்றி, சோப்பு போடும்போது மூடவும் பழகிய பிறகு 154 லிட்டர் 50-க்குள் வந்துவிட்டது. உண்மையில் குளிக்கும் மீதி ஐந்தரை நிமிடத்தில் ஒரு விநாடிகூடக் குறைக்கவில்லை.

நாளைக்கு உங்கள் வீட்டிலும் அளந்து பாருங்கள். வாளியில் 10 லிட்டர் கோடு இல்லையென்றால், ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் அழியாத பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.