ஊதுகுழலும் கங்கும்

நேயர்களுக்கு வணக்கம். நான் இயன்முறை மருத்துவர். வயதானவர்கள் யார் வந்தாலும் முதலில் நாற்காலியில் உட்காரச் சொல்வேன். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு எழுந்திருங்கள் என்பேன். பாதம் கொஞ்சம் பின்னால் நகரும், உடம்பு முன்னால் சாயும், நாற்காலியை விட்டு நாலு விரற்கடை எழுவார்கள். அப்படியே பொத்தென்று திரும்ப உட்கார்ந்துவிடுவார்கள். "தொடையில தெம்பே இல்லைங்க" என்பார்கள்.

தெம்பு தொடையில் மட்டும்தான் இருக்கிறதா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஹீப்ரூ முதியோர் மறுவாழ்வு மையத்தில் நடந்த ஓர் ஆய்வு 1990-இல் வெளியானது. 86 முதல் 96 வயதுக்குட்பட்ட 10 பேருக்கு எட்டு வாரம் கால்களால் எடை தூக்கும் பயிற்சி. ஒருவர் நடுவில் நின்றுவிட, 9 பேர் முடித்தார்கள். அவர்கள் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொடைச் சதை கூடியதோ வெறும் 9 சதவீதம். அப்படியானால் மீதிப் பலம் எங்கிருந்து வந்தது?

பெரும்பங்கு மூளையிலிருந்தும் நரம்புகளிலிருந்தும்தான். எழுந்திரு என்ற உத்தரவு மூளையின் இயக்கப் பகுதியில் பிறந்து, தண்டுவடம் வழியாக இறங்கி, தசைநார்களை வேலைக்கு அழைக்கிறது. வயதாக ஆக அந்த அழைப்பின் குரல் தேய்கிறது. சதை இருந்தும் சில நார்கள் சும்மா கிடக்கின்றன. பயிற்சி அந்தக் குரலை ஏற்றுகிறது.

சரி, குரலை வெளியிலிருந்தே கொஞ்சம் ஏற்றிவிட முடியாதா? 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலுஸ் என்ற இரு ஆய்வாளர்கள், தலைமேல் செலுத்தும் மெல்லிய நேர்மின்சாரம் (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) இயக்கப் பகுதியின் விழிப்பை மாற்றுவதைக் காட்டினார்கள். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளைத் தலையில் வைத்து ரப்பர் பட்டையால் கட்டுகிறார்கள். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மில்லிஆம்பியர், இருபது நிமிடம். ஒரு சின்ன எல்.இ.டி. விளக்குக்கே இதைப்போல் பத்து மடங்கு வேண்டும். எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும், அவ்வளவுதான். கால் துள்ளாது. மூளைச் செல்களை இந்த மின்சாரம் வேலை செய்ய வைப்பதில்லை. வேலைக்குத் தயாராக உட்கார வைக்கிறது.

அதனால்தான் பயிற்சியோடு சேர்க்கிறார்கள். அடுப்பில் கங்கு இருந்தால்தான் ஊதுகுழலுக்கு வேலை. வெறும் சாம்பலை ஊதினால் கண்ணில்தான் விழும்.

அதே பாஸ்டன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறொன்றையும் பார்த்தார்கள். நடந்துகொண்டே மனக்கணக்காகக் கழித்தல் போடச் சொன்னால் முதியவர்களின் நடை தளரும். நெற்றிப் பக்கத்து மூளைக்கு ஒரு முறை மின்சாரம் கொடுத்த பிறகு அந்தத் தளர்ச்சி குறைந்தது என்று 2016-இல் எழுதினார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பேச்சுக்குப் பதில் சொல்வதற்காக நடுவழியில் நின்றுவிடுகிறார்களே, அதே சங்கதிதான்.

இதைக் கேட்டதும் "மெஷின் என்ன விலை?" என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். இந்த ஆய்வுகளில் ஒரு பாதிப் பேருக்கு மின்சாரத்தை அரை நிமிடம் போல ஓடவிட்டு, சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். குறுகுறுப்பு இருந்ததால் அவர்களும் நம்பிவிடுவார்கள். அப்படி ஏமாந்தவர்களும் பயிற்சி செய்தால் தேறிவிடுகிறார்கள்! மின்சாரம் சேர்த்ததால் கூடுதல் பலன் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வித்தியாசமே இல்லை என்று சில. பயிற்சியின் பலனில் இந்த இழுபறி இல்லை. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 70 முதல் 89 வயதுள்ள 1,635 பேர் இருந்தார்கள். முறையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு 400 மீட்டர் நடக்க முடியாமல் போகும் அபாயம் 18 சதவீதம் குறைந்தது.

இணையத்தைப் பார்த்து 9 வோல்ட் பேட்டரியைத் தலையில் கட்டிக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம், தோல் வெந்துவிடும். வலிப்பு நோய் உள்ளவர்கள், தலைக்குள் உலோகம் வைத்தவர்கள், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதன் பக்கமே போகக் கூடாது.

நாற்காலி போதும். நகராமல் இருக்கச் சுவரோரம் போடுங்கள், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். கை ஊன்றாமல் எழ வரவில்லையா, இருக்கைமேல் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பழகப் பழக மெல்லிய தலையணைக்கு மாறுங்கள், அப்புறம் அதையும் எடுத்துவிடலாம். வணக்கம்.