கவிதை தேடி வந்தவருக்கும் காசு கட்டிய கதை

நண்பர்களே, வணக்கம்.

கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவருக்காகத்தான் நான் முதன்முதலில் கூகுள் தேடலில் கிளிக் விளம்பரம் போட்டேன், அதாவது யாராவது கிளிக் செய்தால் காசு கட்டும் விளம்பரம். எந்தத் தேடலுக்கு விளம்பரம் தோன்ற வேண்டும் என்று சொல்லும் சொல்தான் கீவேர்டு; 'கடிகாரம் பழுது' என்று ஒரு கீவேர்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். பத்தாம் நாள் பார்த்தால் கிளிக்குகள் குவிந்திருந்தன, பணம் கரைந்திருந்தது, ஆனால் அவருடைய தொலைபேசி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. தேடல் சொற்களுக்கென்று ஓர் அறிக்கை இருப்பதே அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. திறந்தேன். 'கடிகாரம் பழுது பார்ப்பது எப்படி', 'கடிகாரம் பழுது வேலைவாய்ப்பு', 'நின்றுபோன கடிகாரம் கவிதை'. கவிதை தேடி வந்தவருக்கும் நாங்கள் காசு கட்டியிருந்தோம்!

நாம் எழுதும் கீவேர்டு வேறு, மக்கள் தேடுவது வேறு. கூகுள் விளம்பரத்தில் கீவேர்டை வெறுமனே எழுதினால் அது பிராடு மேட்ச் (broad match), அதாவது விரிந்த பொருத்தம். தொடர்புடையது என்று இயந்திரம் கருதும் தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் போகும். மேற்கோள் குறிக்குள் எழுதினால் வட்டம் சுருங்கும். சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் அதே பொருள் கொண்ட தேடல்களோடு நின்றுவிடும். புதியவர்கள் இந்தக் கடைசி இரண்டோடு தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பிராடு மேட்ச் கெட்டதன்று. வாடிக்கையாளர் யார் என்று இயந்திரம் கற்றுக்கொள்ளத் தரவு சேர்ந்த பிறகு அது உதவும். முதல் வாரத்தில் அந்தத் தரவுக்கு எங்கே போவது?

அடுத்தது நெகட்டிவ் கீவேர்டு, அதாவது எந்தச் சொல் வந்தால் நம் விளம்பரம் தோன்றக் கூடாது என்ற பட்டியல். இதிலும் நான் அடிபட்டேன். வேலை தேடுபவர்களைத் தடுக்க 'வேலை' என்ற சொல்லைச் சேர்த்தேன். 'கடிகாரம் வேலை செய்யவில்லை' என்று தேடியவர்களும் போய்விட்டார்கள். அவர்கள்தானே ஐயா நம்முடைய வாடிக்கையாளர்கள்! 'வேலைவாய்ப்பு' என்று திருத்தினேன். 'வேலைவாய்ப்புகள்' என்பதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் பன்மையையும் ஒத்த பொருள் தரும் சொற்களையும் நெகட்டிவ் பட்டியல் தானாகப் பிடிப்பதில்லை. விகுதி மேல் விகுதி சேரும் நம் மொழியில் இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தேடல் விளம்பரத்தைத் தொடங்கும்போது முன்கூட்டியே 'டிக்' செய்யப்பட்டிருக்கும் பெட்டிகளையும் பாருங்கள். தேடலுக்கு வெளியே பிற தளங்களில் விளம்பரம் காட்டும் டிஸ்பிளே நெட்வொர்க் அவற்றில் ஒன்று. ஏதோ கட்டுரை படித்துக்கொண்டிருப்பவர் முன்னால் உங்கள் விளம்பரம் போய் நிற்கும். எந்த ஊருக்கு விளம்பரம் போக வேண்டும் என்று சொல்லும் இட அமைப்பும் அப்படித்தான். அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்தே அது எடுத்துக்கொள்ளும். நேரில் வந்தால்தான் வியாபாரம் என்றால் மாற்றிவிடுங்கள். தினசரி பட்ஜெட்டைப் போல இரு மடங்கு வரை ஒரே நாளில் செலவாகலாம் என்பதும் நினைவிருக்கட்டும். மாதக் கணக்கில் 30.4 மடங்கைத் தாண்டாது.

'விளம்பர ஏலத்தில் ஒரு கிளிக்குக்கு அதிக விலை கேட்டால் முதலிடம் கிடைக்குமா?' என்று இங்கே ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். 1998-இல் கோடூ டாட் காம் என்ற தேடல் தளம் இந்த வியாபாரத்தைத் தொடங்கியபோது அப்படித்தான் இருந்தது. 2002-இல் கூகுள், விளம்பரத்தை மக்கள் எவ்வளவு கிளிக் செய்கிறார்கள் என்பதையும் வரிசைக் கணக்கில் சேர்த்தது. இன்று விளம்பரத்தின் பொருத்தத்தையும், கிளிக் செய்ததும் திறக்கும் பக்கத்தின் தரத்தையும் பார்க்கிறார்கள். அதனால் குறைவாகக் கேட்டவர் மேலே நிற்பதும் உண்டு. கடிகாரக்காரரின் விளம்பரத்தைக் கிளிக் செய்தால் முகப்புப் பக்கம் திறந்தது. தொலைபேசி எண் அதில் அடியோரத்தில் ஒளிந்திருந்தது. எண்ணை மேலே கொண்டுவந்ததற்கு ஒரு காசுகூடச் செலவாகவில்லை.

எவ்வளவு விலை கேட்கலாம்? ஒரு வாடிக்கையாளரால் கிடைக்கும் லாபம் 1000, நூறு கிளிக்கில் இருவர் வாடிக்கையாளர் ஆகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளிக்குக்கு 20 கொடுத்தால் லாபம் முழுவதும் விளம்பரத்துக்கே போய்விடும். அதற்குக் கீழேதான் நம் பேரம். அந்த 'இருவர்' என்ற எண் தெரிய வேண்டுமானால், கிளிக் செய்தவர்களில் எத்தனை பேர் வாடிக்கையாளர் ஆனார்கள் என்று எண்ணும் கன்வர்ஷன் கணக்கெடுப்பை விளம்பரத்துக்கு முன்பே பொருத்தியிருக்க வேண்டும். அது இல்லாமல் நான் பத்து நாள் ஓட்டினேன்; என்ன ஆனது என்று சொன்னேன்.

பேச்சை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். விளம்பரக் கணக்கு வைத்திருப்பவர்கள் கைபேசியில் தேடல் சொற்களின் அறிக்கையைத் திறந்து வையுங்கள். கீழே இறங்கி வருகிறேன், உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம்.