ஆறு மாவும் ஆறு ஹெக்டேரும்

(கும்பகோணத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், கல்லூரி விட்டு நேராக இங்கே வந்திருக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம். பயனர் அனுபவ வடிவமைப்பு பற்றிய புத்தகங்களையும் கருவிகளையும் இணையதளங்களையும் எப்படி மதிப்பிடுவது என்று பேசச் சொன்னீர்கள். பொருளையும் திரையையும் பயன்படுத்துபவர் இடறாதபடி அமைக்கும் அந்த வேலைதான் எனக்குச் சோறு போடும் தொழில். பேச்சைப் புத்தகத்திலிருந்து தொடங்காமல், வலங்கைமான் பக்கத்தில் ஒரு களத்திலிருந்து தொடங்குகிறேன்.

சம்பா அறுவடை முடிந்த நேரம். என் தாய்மாமா நெல்லை விற்பதற்கு முன்பு இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. உச்சி வெயில். வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் எழுத்து. மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து, தலையையும் போனையும் சேர்த்து மூடிக்கொண்டு, அந்த நிழலுக்குள் ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'பரப்பு' என்று ஒரு கட்டம் வந்தது. 6 என்று போட்டார். அவருக்கு ஆறு மா நிலம். படிவம் கேட்டதோ ஹெக்டேர். அந்தச் சொல் கட்டத்துக்குள்ளேயே மங்கலாக எழுதப்பட்டிருந்தது. அவர் எண்ணைத் தட்டியதும் மறைந்துவிட்டது. இரண்டு ஏக்கர்க்காரர் ஒரே தட்டில் பதினைந்து ஏக்கர்க்காரர் ஆகிவிட்டார். படிவமும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பத்து நாள் கழித்து, சிட்டாவோடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அதுவரை நெல் தார்ப்பாய்க்குள் குவிந்து கிடந்தது. வானம் வேறு மூட்டம் போட்டிருந்தது.

“நான்தான் தப்பாகப் போட்டுவிட்டேன், மாப்பிள்ளை” என்றார். நாற்பது வருடம் ஒரு மூட்டைக்குக்கூடக் கணக்குத் தப்பாதவர் அவர். அந்தச் சொல்தான் எனக்குத் தாங்கவில்லை.

வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் 1988-இல் எழுதிய புத்தகத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 'அன்றாடப் பொருள்களின் உளவியல்' என்ற பொருளில் முதலில் பெயர் வைத்தார். பிறகு உளவியல் என்ற சொல்லை எடுத்துவிட்டு வடிவமைப்பு என்று மாற்றினார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நிற்பவர் தன்னையே நொந்துகொள்கிறார், குற்றம் கதவைச் செய்தவருடையது என்கிறார் நார்மன். புத்தகத்துக்கு அடையாளமாகிவிட்ட ஒரு படம் உண்டு: மூக்கும் பிடியும் ஒரே பக்கம் வைத்த கெண்டி. நம் ஊர் டபரா டம்ளரை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டம்ளரின் வெளிமடிந்த விளிம்பு, விரல் எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டுகிறது. சூடு அங்கே குறைவு. உதடு படாமல் அண்ணாந்து குடிக்கவும் அதே விளிம்புதான் உதவுகிறது. எந்தக் குழந்தைக்கும் யாரும் இதை விளக்கிச் சொன்னதில்லை. நார்மன் 2013-இல் புத்தகத்தைத் திருத்தியபோது, பொருளில் இருக்கும் இத்தகைய கண்காணும் குறிப்புகளுக்கென்றே ஒரு தனிச் சொல்லைச் சேர்த்தார். வாங்குவதானால் அந்தத் திருத்திய பதிப்பை வாங்குங்கள். நடுவில் சில அத்தியாயங்கள் இழுக்கும். தாண்டிப் போகலாம், பிழைகளைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் தாண்டாதீர்கள்.

இப்போது என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்ததும், அதிலிருந்து ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, உண்மையான வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் ஒருவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன். அந்தக் கருத்து எனக்குப் புதிதாக எதையாவது காட்டுகிறதா? காட்டினால் மதிப்புரை எழுதுகிறேன். காட்டாவிட்டால், எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. அத்தியாயங்களின் சுருக்கத்தை எழுதி நான்கு நட்சத்திரம் போடுவதை மதிப்புரை என்று நான் ஏற்கமாட்டேன்.

இணையதள ஆலோசகர் ஸ்டீவ் க்ரூக் 2000-இல் எழுதிய சின்னப் புத்தகத்தையும் அப்படித்தான் அளந்தேன். 'என்னை யோசிக்க வைக்காதே' என்று பொருள்படும் தலைப்பு. ஒரு நீண்ட விமானப் பயணத்துக்குள் படித்து முடிக்கும்படி வைத்தேன் என்று அவரே சொல்கிறார். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் போனாலும் முடித்துவிடலாம். மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். ஆனால் மாமாவின் படிவத்தருகே அந்தத் தலைப்பு எனக்கு இடறியது. பரப்புக் கட்டத்தில் யாரும் அவரை யோசிக்க வைக்கவில்லை என்பதுதான் அங்கே நேர்ந்த கேடு. “6 ஹெக்டேர் என்றால் ஏறத்தாழ 15 ஏக்கர், சரிதானா?” என்று ஒரு வரி கேட்டிருந்தால் விரல் நின்றிருக்கும். பணம் அனுப்பும் இடத்திலும், நிலத்தின் அளவு போடும் இடத்திலும், கைரேகை வைக்கும் இடத்திலும் ஆளை நிறுத்தி யோசிக்க வைப்பதே வடிவமைப்பாளரின் கடமை. புத்தகம் முழுவதையும் படிப்பவர்களுக்கு க்ரூக் இதை மறுக்கமாட்டார் என்பது புரியும். தலைப்பை மட்டும் மனப்பாடம் செய்தவர்களால்தான் ஆபத்து.

அடுத்தது, திரைகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் யாக்கோப் நீல்சன். 1994-இல் அவர் வரிசைப்படுத்திய பத்து நெறிகளை இந்தத் துறையில் தெரியாதவர் இல்லை. ஆறாவது நெறி, மனிதரை நினைவிலிருந்து தேடி எடுக்கச் சொல்லாதே, கண்டு அடையாளம் காணும்படி வை என்கிறது. இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர் கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர். அவர் காலத்தில் சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் நிகண்டுச் செய்யுள்களை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். 1594-இல் இரேவண சித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசையைக் கொண்டுவந்தார் என்றாலும், அதுவும் பாட்டுதான். வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியில் பாட்டை விட்டுவிட்டுச் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். நினைவில் இல்லாதவனும் புரட்டிக் கண்டுபிடிக்கலாம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு காட்டினாரே, அதுவும் ஏட்டைப் படிப்பவர் இடறும் இடத்தை அருகிருந்து பார்த்தவர் செய்த வேலை. உங்கள் பாடத்திட்டத்தில் இவரையும் சேர்த்துப் படியுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நீல்சனின் இன்னொரு கூற்று, ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பது. 1993-இல் லேண்டாயருடன் சேர்ந்து போட்ட கணக்கிலிருந்து வந்தது அது. ஒருவர் சராசரியாக 31 விழுக்காட்டைக் கண்டுபிடிக்கிறார் என்ற அடிப்படையில் நிற்கிறது. இணையத்தில் இதைச் சொல்பவர்கள் அந்த அடிப்படையைச் சொல்வதில்லை. பயன்படுத்துவோர் வெவ்வேறு வகையினர் என்றால் வகைக்குச் சிலர் என்று பார்க்க வேண்டும் என்பதை நீல்சனே எழுதியிருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நான் படித்த புத்தகங்கள் அநேகமாக எல்லாமே, ஒரு மனிதர், அவர் கையில் அவருடைய கருவி என்றே கற்பனை செய்கின்றன. நம் ஊரில் அப்படியா நடக்கிறது? இ-சேவை மையத்தில் போய்ப் பாருங்கள். கணினிக்கு முன்னால் ஒரு பெண் தட்டிக்கொண்டிருக்கிறார். நிலத்துக்குச் சொந்தக்காரர் எதிரே, திரையின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஓடிபி வரும் போன் மகனிடம் இருக்கிறது. மகன் திருப்பூரில். அவன் எடுத்துப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்து, நிரப்பியதெல்லாம் அழிந்துவிடுகிறது. இதில் பயனர் யார்? மூன்று பேரும்தான். திரையைப் பார்க்க முடியாதவர்தான் விளைவைச் சுமக்கிறார். இதைப் பற்றிய புத்தகத்தைத் தமிழில் நம்மில் ஒருவர்தான் எழுத வேண்டும். அமெரிக்காவிலிருந்து அது வராது.

திரைகளை வரைய உதவும் கருவிகளுக்கு வருகிறேன். எந்தக் கருவி சிறந்தது என்று மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்று ஃபிக்மா, பலர் ஒரே நேரத்தில் ஒரே பலகையில் வரையலாம், நன்றாகவே இருக்கிறது. திறந்த மூலக் கருவி வேண்டுமென்றால் பென்பாட் இருக்கிறது. இன்விஷனைக் கரைத்துக் குடித்தவர்களும் இருந்தார்கள். 2024 முடிவில் அந்தச் சேவையே நின்றுபோயிற்று. எனவே கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள், அதிலேயே குடியேறிவிடாதீர்கள்.

ஆனால் கருவியை மதிப்பிடும்போது தமிழர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இடம் நிரப்பக் கருவியில் கொடுத்திருக்கும் லத்தீன் வரிகளை அழித்துவிட்டு, “கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?”, “ஒப்புகைச்சீட்டைப் பதிவிறக்கவும்” என்று ஒட்டிப் பாருங்கள். பொத்தான் பிதுங்கும், 'பதிவிற' என்பதோடு சொல் அறுந்து நிற்கும். வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள். மேல் வரியின் 'கூ' கீழ் வரியின் 'கீ' மேல் போய் இடிக்கும். எழுத்துகளைச் சற்றுத் தள்ளி வைத்தால் 'கொ' மூன்று துண்டாகச் சிதறும். தமிழ் எழுத்துருவோடு இதையெல்லாம் செய்து பார்க்காமல் எழுதும் கருவி மதிப்புரை நமக்கு உதவாது.

இணையதளங்களில் அழகிய திரைகளைக் காட்சிக்கு வைக்கும் தளங்களை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன். அந்தப் படங்களுக்குள் மனிதர் யாரும் இல்லை. நான் திரும்பத் திரும்பப் போவது பிரிட்டிஷ் அரசின் வடிவமைப்புத் தொகுப்புத் தளத்துக்கு. பொத்தான், கட்டம் போன்ற திரை உறுப்புகள் பலவற்றுக்கும் எப்போது பயன்படுத்தலாம் என்பதோடு, எப்போது கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். கூடாது என்று சொல்லத் துணியும் தளத்தை நம்பலாம். இணையத் தர அமைப்பின் அணுகல் வழிகாட்டி நெறிகளையும் படியுங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கின்றன அவை. முதுமையில் மங்கும் பார்வையை எண்ணி வகுத்த அளவு அது. மாசி மாத நண்பகல் வெயில் அந்தக் கணக்கில் இல்லை. அதனால் நான் அதைக் குறைந்தபட்சம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மாமா விஷயத்தை முடித்துவிடுகிறேன். படிவம் திரும்பி வந்த வாரம், நானும் இரண்டு மாணவர்களும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வெள்ளைத் தாளில் அதே படிவத்தை வேறு மாதிரி வரைந்தோம். மா, ஏக்கர், ஹெக்டேர் மூன்றையும் கட்டத்துக்கு வெளியே, மறையாத எழுத்தில் போட்டோம். மா என்பதைத் தொட்டால் ஹெக்டேர் கீழே தானாக வரும்படி வைத்தோம். தெருவில் போனவர்களில் ஐந்து பேரை அழைத்து விரலால் தொட்டு நிரப்பச் சொன்னோம். முதல் இருவரும் தடையில்லாமல் முடித்தார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவதாக வந்த அம்மா, சாணம் மெழுகிய கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். 'நில உரிமையாளர் பெயர்' என்ற வரியில் விரல் நின்றது.

“தம்பி, நாங்கள் மடத்து நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறோம். என் பெயரை எங்கே எழுதுவது?”

எங்கள் தாளில் அதற்கு இடம் இல்லை. மாணவி ஒருத்தி அடுத்த தாளை எடுத்து, அந்த அம்மாவையே பக்கத்தில் உட்காரச் சொல்லி, முதல் வரியிலிருந்து வரையத் தொடங்கினாள்.