அரிச்சந்திரன் பற்றுச்சீட்டு எழுதினான், சனம் எழும்பிப் போனது!

வணக்கம் உறவுகளே! இன்றைக்குத் தோட்டமும் இல்லை, சமையலும் இல்லை. போன கிழமை டவுனில் ஒரு மண்டபத்தில் 'அரிச்சந்திர மயான காண்டம்' இசை நாடகத்தைப் புது முறையில் போட்டார்கள். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தலை கொதிக்கிறது. பிடித்ததா என்று கேட்டால் பிடித்தது. கோபமா என்று கேட்டால் அதுவும்தான்.

ரிக்கெற் 1,500 ரூபாய். அம்மாவுக்கும் சேர்த்து 3,000. என்னுடைய அம்மாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே, வழி முழுக்க ஒரே கதை: "கோயில் வீதியில பாய் விரிச்சு விடிய விடியச் சும்மா பார்த்த நாடகத்துக்கு மூவாயிரமோ?" ஏசி மண்டபம் அம்மா என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். போனால் ஏசி வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை.

எங்கட சனத்துக்கு மயான காண்டம் என்றால் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துதான். அவர் 1989இல் காலமானவர், அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் பழைய ஒலிப்பதிவில் அந்த உச்சக் குரலைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. அதனால் புது முறை என்றதும் எனக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது உண்மை.

கதை தெரியும்தானே? பாம்பு கடித்துச் செத்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி சுடலைக்குத் தூக்கி வருவாள். அங்கே காவல் நிற்கிற அவளுடைய புருஷன் அரிச்சந்திரன், முழத்துண்டும் கால்பணமும் தராமல் எரிக்க விடமாட்டான். இங்கே அரிச்சந்திரனுக்குக் காக்கிச் சட்டை, முன்னால் ஒரு இரும்பு மேசை, மேசையில் பற்றுச்சீட்டுப் புத்தகம். அவள் பிள்ளையோடு நிற்கிறாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் காபன் தாளை எடுத்து, ஓரம் ஓரமாகச் சரிபார்த்து, இரண்டு தாளுக்கும் இடையில் வைக்கிறான். "பெயர்?" எழுதுகிறான். "வயது?" எழுதுகிறான். "உறவுமுறை?" அவள் "தாய்" என்றதும் பேனை அப்படியே நிற்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த நேரம் பார்த்து முன்வரிசை ஐயா ஒருவர் எழும்பி, "இதென்ன சுடலையோ, கச்சேரியோ?" என்று சத்தமாகக் கேட்டார். மண்டபமே சிரித்தது. கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, எங்கட அரச அலுவலகம். காணி உறுதிக்கும் அடையாள அட்டைக்கும் அங்கே நாள் கணக்காக நின்ற சனம்தானே! ஐயா கோபத்தில் கேட்டது, அந்தக் காட்சிக்கே நல்ல விளக்கமாகப் போய்விட்டது. அவரோடு பத்துப் பதினைந்து பேர் வெளியே போனார்கள். பின்னால் இருந்த கம்பஸ் பிள்ளைகள் கை தட்டினார்கள். போகிறவர்களுக்குத் தட்டினார்களோ நாடகத்துக்குத் தட்டினார்களோ, தெரியாது.

அட, சொல்ல மறந்துவிட்டேன்! சந்திரமதியாக நடித்தது ஒரு பெண். முந்தி அந்த வேடத்தைப் பெரும்பாலும் ஆண்கள்தான் கட்டுவார்கள். இந்த மாற்றத்தைப் பற்றி ஒரு சனமும் முணுமுணுக்கவில்லை, பாருங்கோ. காக்கிச் சட்டைக்குத்தான் அவ்வளவு கோபம்.

சரி, இனி என்னுடைய கோபம். ஆர்மோனியம் எங்கே? மிருதங்கம் எங்கே? மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரர் இருந்து, நடிகர் இழுக்க இழுக்கக் கூடவே போவாரே, அதுதானே இசை நாடகம்! இங்கே எல்லாம் பதிவு செய்த இசை. புலம்பல் பாட்டில் சந்திரமதியாக நடித்த பிள்ளை உருகி ஒரு இடத்தில் நின்றாள், இசை நிற்கவில்லை. அது தன்பாட்டில் அடுத்த அடிக்குப் போய்விட்டது. அவள் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. மேசையை மாற்றுங்கோ, சட்டையை மாற்றுங்கோ. அழுகிறவளைத் துரத்தாதேங்கோ.

லண்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகனுக்கு இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் கொட்டினேன். அவன் 'எவிட்டா' கதையை எடுத்தான். 1978இல் லண்டனில் மேடையேறிய இசை நாடகம் அது. 2025இல் இயக்குநர் ஜேமி லாய்ட் அதைப் பல்லேடியம் அரங்கில் போட்டபோது, நடிகை ரேச்சல் ஸெக்லர் முக்கியமான பாட்டை வெளி மாடத்தில் வந்து நின்று தெருச் சனத்துக்குப் பாடினாராம். காசு கொடுத்தவர்கள் உள்ளே இருந்து திரையில் பார்த்தார்களாம். அதற்கும் அங்கே பெரிய சண்டை. இவன் தெருவில் நின்று சும்மா பார்த்தவன், அந்தப் பெருமை வேறு!

வெளியே வந்ததும் கச்சான் வாங்கினோம். சின்னச் சுருள் 200 ரூபாய், அதிலும் பாதி கருகல்! நான் எண்ணிப் பார்த்தேன், சிரிக்காதேங்கோ, பதினொரு கொட்டை கருகல். அம்மா அதற்கும் 3,000 ரூபாய்க் கதையைத்தான் எடுத்தா. கச்சான் ஐயாவிடம் நாடகம் கேட்டதா என்று கேட்டேன்.

"வடிவாக் கேட்டது பிள்ளை," என்றார். "ஆனா ஆள் பாடினதோ, ரேடியோ பாடினதோ?"