உறைந்த ஏரியில் சுழியோடலாமா? – தம்பி ஒருவரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளுள் ஒன்று இரண்டு நாட்களாக என் மனத்தைவிட்டு அகலவில்லை. கொக்குவிலைச் சேர்ந்த தம்பி ஒருவர், "மாசி மாதம் பிரான்சிலுள்ள அக்கா வீட்டுக்குப் போகிறேன், நீச்சல் நன்றாகத் தெரியும், சுழியோடிப் பழக்கமில்லை, உறைந்த மலையேரியில் பனிக்கட்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

இறங்கலாம், தம்பி, ஆனால் ஆசிரியர் ஒருவரின் கைக்கெட்டும் தூரத்தில் மட்டுமே. ஆல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலுள்ள தீன் ஏரியில் புதியவர்களையும் அவ்வாறு சில மீற்றர் ஆழத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். நான் இறங்கியதும் அங்கேதான். ஆசிரியரின் துணையின்றி இறங்குவதற்கு, சிலிண்டர் காற்றைச் சுவாசித்துச் சுழியோடும் ஸ்கூபா, தண்ணீர் உள்ளே புகாத உலர் உடை, பனிக்கட்டிச் சுழியோடல் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பயில வேண்டும்.

யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றைப் பற்றிய காணொளியில் பாரமான உவர்நீர் கீழேயும் நன்னீர் மேலேயும் நிற்பதைச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். உறைந்த ஏரியிலும் அதே கதைதான். நீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியசிலேயே மிகப் பாரமாக இருப்பதால் அந்த நீர் அடியில் தங்கிவிட, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. அந்தக் குளிரில் முதலில் இடர் செய்வது, சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி வாய்க்குத் தரும் கருவியான றெகுலேற்றர். சிலிண்டரிலிருந்து வெளிவரும் காற்று விரிவடையும்போது மேலும் குளிர்கிறது; உள்ளே ஈரம் இருந்தால் அது உறைந்து வால்வைத் திறந்தபடியே நிறுத்திவிட, காற்று முழுவதும் வீணாகக் கொட்டிப் போகும். பனிக்கட்டியின் மேல் நின்றபடியே நான் ஒரு மூச்சு இழுக்கப் போனபோது ஆசிரியர் கையை நீட்டித் தடுத்து, தலை தண்ணீருக்குள் போன பின்பே முதல் மூச்சு என்றார்.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கயிற்றை யார் பிடிப்பார் என்பதே. கடலில் இடர் வந்தால் நேரே மேலே வரலாம். இங்கே தலைக்கு மேல் கூரை. என் மூச்சுக்குமிழிகள் வெளியேற வழியின்றிப் பாதரசம்போல் பனிக்கட்டியின் அடியில் தட்டையாகப் பரவி நின்றதைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. திரும்பி வர உள்ள வழி இறங்குவதற்காகப் பனிக்கட்டியில் வாளால் அறுத்த முக்கோணத் துவாரம் ஒன்றே. அதற்கும் உடம்புக்கும் இடையே இருப்பது ஒரு கயிறு. மேலே நிற்பவர் அதைத் தளரவும் விடாமல் இறுக்கவும் செய்யாமல், முன்னரே பேசிவைத்த இழுப்புகளால் நம்மோடு பேசிக்கொண்டிருப்பார். இன்னொரு சுழியோடி முழு உடையுடன் துவாரத்தருகே காத்திருப்பார்.

முன்பு முத்துக்குளித்த ஊர்களில் கயிற்றை மனைவியின் தம்பியிடமோ அண்ணனிடமோதான் கொடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. சகோதரி தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. முன்னைய காணொளிகளிலும் இதைச் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். ஆகவே அங்கே போனதும் பணம் கட்டுவதற்கு முன், கயிறு பிடிப்பவரையும் அவருக்குப் பக்கத்தில் ஆயத்தமாக நிற்பவரையும் நேரில் காட்டும்படி கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் இறங்காமலே அக்கா வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.